துணியைவிட நாடா முக்கியம்: கூந்தல் காக்கும் சாட்டின் தொப்பிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான் வாங்கிய முதல் சாட்டின் தொப்பி ஒரே ஓர் இரவுகூட என் தலையில் முழுதாகத் தங்கியதில்லை. படுக்கும்போது ஒழுங்காக இருக்கும். விடிந்து பார்த்தால் தலையணைக்கும் கட்டில் சட்டத்துக்கும் இடையில் சுருண்டு கிடக்கும். ஒருநாள் போர்வையை உதறியபோது கால்மாட்டிலிருந்து விழுந்தது. அந்த எரிச்சலில் அடுத்ததை இறுக்கமாகப் பார்த்து வாங்கினேன். அது விழவில்லை. ஆனால் காலையில் நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு இருக்கும். பல் துலக்கி, குளித்து, வெளியே கிளம்பும்வரை மறையாது. மூன்று மாதம் கழித்து வகிடு எடுக்கும்போதுதான் காதுக்கு மேலே, நெற்றி ஓரத்தில், குட்டிக் குட்டியாக உடைந்த முடிகள் நிற்பதைக் கவனித்தேன். கூந்தலைக் காக்க வாங்கிய தொப்பி கூந்தலைத் தின்றுகொண்டிருந்தது.

இரண்டிலும் துணி நல்ல துணிதான். கெட்டது ஓரம். இந்தத் தொப்பிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பட்டா, சாட்டினா என்றுதான் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அது தலையில் எதனால் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்தில் கஞ்சத்தனம் காட்டிய கதை. இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய தொப்பியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் போடுவது, எப்படிக் கழற்றுவது, மனமிருந்தால் எப்படித் தைப்பது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இரவில் முடிக்கு என்ன ஆகிறது

சீப்பில் உதிர்ந்த நீளமான முடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து வேரிலிருந்து நுனியை நோக்கி உருவுங்கள். வழுக்கிக்கொண்டு போகும். இப்போது நுனியிலிருந்து வேரை நோக்கி உருவுங்கள். விரல் லேசாகத் தடுக்கும்; காது பக்கத்தில் வைத்தால் கீச்சென்று மெல்லிய ஓசைகூடக் கேட்கலாம். முடியின் மேல்தோல் ஓட்டுக்கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்களால் ஆனது. செதில்களின் விளிம்புகள் எல்லாம் நுனியைப் பார்த்தபடி இருக்கின்றன. அதனால்தான் ஒரு திசையில் வழுக்கலும் மறுதிசையில் தடையும்.

தூக்கத்தில் நாம் புரளும்போது தலையணை உறை இந்தச் செதில்களை எல்லாத் திசையிலும் தேய்க்கிறது. பருத்தி குட்டையான இழைகளை முறுக்கி நூற்ற நூல். கண்ணுக்குத் தெரியாத இழை முனைகள் அதன் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும். அவை செதிலைப் பிடித்து இழுக்கின்றன. தூக்கிய செதில்கள் பக்கத்து முடியின் செதில்களோடு கோத்துக்கொள்ளும்போது அதற்குச் சிக்கு என்று பெயர்.

ஓர் இரவில் ஆகும் சேதம் அற்பம். ஆனால் முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளர்கிறது. 30 சென்டிமீட்டர் கூந்தலின் நுனிக்கு வயது இரண்டரை ஆண்டு. அது சுமார் 900 இரவுகள் தலையணையில் உருண்டு வந்திருக்கிறது. வேரைத் தாண்டி வெளியே வந்த முடிக்கு உயிர் இல்லை என்பதால் தேய்ந்த இடம் தானாக ஆறவும் ஆறாது. இதை நெடுங்காலமாக அறிந்து நடந்தவர்கள் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்கள். இறுகச் சுருண்ட முடி ஒவ்வொரு வளைவிலும் உடையக்கூடியது. மணிக்கணக்கில் உட்கார்ந்து போட்ட பின்னல்கள் ஓர் இரவில் கலைந்தால் எல்லா உழைப்பும் போச்சு. படுக்கும்முன் தலையைத் துணியால் மூடிக்கொள்ளும் அவர்களுடைய பழக்கத்தின் வழியாகத்தான் இன்றைய சாட்டின் தொப்பி பரவியது.

துணி

சாட்டின் என்பது நூலின் பெயர் அல்ல, நெசவின் பெயர். நீளவாக்கில் ஓடும் பாவு நூல், குறுக்கே ஓடும் ஊடை நூல்களில் நான்கையோ அதற்கு மேற்பட்டவற்றையோ தாண்டி மேலே மிதந்தபடி ஓடும். அந்த மிதப்புதான் பளபளப்பையும் வழுக்கலையும் தருகிறது. பட்டிலும் சாட்டின் நெய்யலாம், பாலியெஸ்டரிலும் நெய்யலாம். ‘பட்டுச் சாட்டின்’ என்று எழுதியிருந்தால் எது நூல் என்று கேட்காமல் வாங்கிவிடாதீர்கள்.

பட்டு வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும். பாலியெஸ்டர் ஏறத்தாழ ஒன்றும் உறிஞ்சாது, எனவே புழுக்கமான இரவில் தலை கசகசக்கும். பட்டின் கனத்தை மொம்மி என்ற அளவையில் சொல்வார்கள். 1 மொம்மி ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 4.3 கிராம். 19 அல்லது 22 மொம்மி உள்ள பட்டு தொப்பிக்குப் பொருந்தும். அதற்கு மெலிந்தால் தையலோரத்தில் சீக்கிரம் பிய்கிறது. சந்தேகம் இருந்தால் உள்தையலிலிருந்து ஒரே ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும்.

என் கருத்தில் நல்ல பாலியெஸ்டர் சாட்டின் பெரும்பாலோருக்குப் போதும். அதைவிட முக்கியமான சோதனை ஒன்று இருக்கிறது: தொப்பியை உட்புறம் வெளியே திருப்புங்கள். பளபளப்பான பக்கம் முடியைத் தொட வேண்டும். வெளியே மினுமினுத்து உள்ளே மங்கலாக இருக்கும் தொப்பி பார்க்கிறவர்களுக்காகத் தைத்தது, உங்கள் முடிக்காக அல்ல. நெற்றிப் பட்டியின் உட்புறத்தையும் தடவிப் பாருங்கள். உள்ளே முழுக்கச் சாட்டின் வைத்துவிட்டு, மெல்லிய முடிகள் இருக்கும் நெற்றி ஓரத்தில் மட்டும் சொரசொரப்பான பட்டியை வைத்துத் தைத்தவற்றை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஓரம்: இங்கேதான் எல்லாம்

முதலில் தலையை அளந்துகொள்ளுங்கள். புருவத்துக்கு இரண்டு விரல் மேலே ஆரம்பித்து, காது மடலின் மேல்நுனியை ஒட்டி, பின்மண்டை துருத்தும் இடத்தைச் சுற்றி அளவு நாடாவைக் கொண்டுவர வேண்டும். வயது வந்தவர்களுக்குப் பெரும்பாலும் 54 முதல் 60 சென்டிமீட்டருக்குள் வரும். இந்த 6 சென்டிமீட்டர் வித்தியாசம்தான் ‘எல்லோருக்கும் பொருந்தும்’ என்று விற்கும் தொப்பிகளைப் பொய்யாக்குகிறது. போதாததற்கு, ஒரே தலையும் தினம் ஒரே அளவில் இருப்பதில்லை. விரித்த முடியோடு ஓர் அளவு, நெருக்கமான பின்னல்களோடு இன்னோர் அளவு.

வெறும் எலாஸ்டிக் வைத்த தொப்பிக்கு ஓர் இறுக்கம்தான் தெரியும். புதிதில் இறுக்கும், ஆறு மாதத்தில் தொளதொளக்கும். நடுவில் சில வாரங்கள் மட்டும் சரியாக இருக்கும். எலாஸ்டிக்கில் வரிசையாகக் காஜா போட்டு, உள்ளே ஒரு பொத்தானில் மாட்டும் வகை இதைவிட மேல். பொத்தான் தட்டையாக இருந்து காதுக்குப் பின்னால் வராமல் இருந்தால் சரி. ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) வைத்ததைத் தொடவே வேண்டாம். அதன் கொக்கிகள் முடியைக் கவ்வுவதற்கென்றே பிறந்தவை.

நீளமான இரண்டு வால்களைச் சுற்றிக் கட்டும் வகை மிக நன்றாக நிற்கும், ஏனென்றால் இறுக்கம் ஒரே கோட்டில் விழாமல் அகலமாகப் பரவுகிறது. தினமும் கட்டி அவிழ்க்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது நாடா கோத்த ஓரம். பாவாடை நாடாவைப்போல ஓரக் குழாய்க்குள் ஓடி, முன்பக்கம் வெளியே வரும். சிலவற்றில் முடிச்சுக்குப் பதிலாக வில்சுருள் வைத்த ஒரு பிளாஸ்டிக் குமிழ் இருக்கும். அழுத்தினால் கயிறு நகரும், விட்டால் அந்த இடத்திலேயே நிற்கும். இரவில் தூக்கக் கலக்கத்தில் ஒரே கையால் தளர்த்திக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய வசதி. குமிழை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மல்லாந்து படுக்கிறவர் பிடரியில் வைத்தால் இரவெல்லாம் கூழாங்கல்லில் படுத்த மாதிரி இருக்கும். ஒருக்களித்துப் படுக்கிறவருக்கு நெற்றிப்பொட்டில் வைத்தால் அதே கதை. நடு நெற்றிக்கு மேலே வைத்தால் குப்புறப் படுக்கிறவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் ஒத்துவரும்.

ஓரத்தின் அகலத்தையும் பாருங்கள். அரை சென்டிமீட்டர் பட்டி கத்திபோல அழுத்தும். 3 முதல் 5 சென்டிமீட்டர் அகலமான பட்டி அதே இறுக்கத்தைப் பரப்பிக் கொடுக்கும்.

போடும் முறை

ஈரத் தலையோடு தொப்பி போடாதீர்கள். நனைந்த முடி காய்ந்த முடியைவிட எளிதில் நீண்டு அறுந்துபோகும். மூடிய ஈரத்தில் தலைத்தோலில் பூஞ்சையும் அரிப்பும் வரலாம். விரல் நுழைத்துப் பார்த்து வேர்வரை காய்ந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எண்ணெய் தடவியிருந்தால் அரை மணி நேரம் ஊறவிட்டுப் போடலாம். பிறகு நுனியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, சிக்கெடுங்கள். வேரிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் மேலே இருந்த சிறு சிக்கெல்லாம் கீழே சேர்ந்து ஒரே முடிச்சாகிவிடும்.

அடுத்தது முடியை அடுக்குவது. இது முடியின் வகையைப் பொறுத்தது. சுருட்டை முடியை உச்சந்தலையில், நெற்றிப் பக்கமாகச் சற்றே சாய்த்து, மிகத் தளர்வான குதிரைவாலாக ஒரே சுற்றில் கட்டுங்கள். சுருள்கள் தலையின் எடையில் நசுங்காமல் மேலே நிற்கும். நேராக்கிய முடி என்றால் வகிட்டிலிருந்து தொடங்கி, மண்டையை ஒட்டி ஒரே திசையில் சுற்றிக்கொண்டே வாருங்கள். தலையே உருளையாகி முடியை மடிப்பு விழாமல் வைத்திருக்கும். ஹேர்பின் குத்த வேண்டியிருந்தால் தட்டையானவை இரண்டு போதும். நீண்ட கூந்தலுக்கு ஒற்றைப் பின்னல், நுனியில் துணி சுற்றிய வளையம். பின்னலை மடித்துத் தொப்பிக்குள் வையுங்கள். மெல்லிய பின்னல்கள் நிறைய இருந்தால் அவற்றை இழுத்துக் கட்டாமல் வட்டமாகச் சுருட்டி விட்டாலே போதும். அதற்கு நீளமான பைபோன்ற தொப்பி வேண்டும். சாதாரண வட்டத் தொப்பிக்குள் திணித்தால் அவற்றின் கனமே தொப்பியைக் கழற்றி எறிந்துவிடும்.

இனி தொப்பி. நாடாவை முழுக்கத் தளர்த்திவிடுங்கள். குனிந்து தலையைக் கவிழ்த்து, ஓரத்தை முதலில் பிடரியில், முடி முடியும் இடத்துக்குக் கீழே பொருத்துங்கள். முடியெல்லாம் தானாகவே பைக்குள் விழும். அப்படியே தொப்பியை முன்னே கொண்டுவந்து, நிமிர்ந்த பிறகு நெற்றியில் இறக்குங்கள். முன் ஓரம் முடி தொடங்கும் கோட்டின்மேல் உட்காரக் கூடாது. ஒரு விரல் கீழே, வெறும் தோலில் உட்கார வேண்டும். நான் முடியை இழந்தது இந்த ஒரு விரலில்தான். கோட்டின்மேலேயே அழுத்திய பட்டி ஒவ்வொரு புரளலுக்கும் அங்கிருந்த மெல்லிய முடிகளை இழுத்திருக்கிறது. இப்படி நாள்பட்ட இழுப்பால் முடி கொட்டுவது மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த நிலை; ஆரம்பத்திலேயே இழுப்பை நிறுத்தினால் முடி திரும்பும், ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் வேரே தழும்பாகிவிடக்கூடும்.

நாடாவை இறுக்கும்போது இரண்டு பக்கமும் சமமாக இழுங்கள். காதுகளின் மேல்பாதி உள்ளே இருந்தால் தொப்பி பக்கவாட்டில் வழுக்காது. கசகசக்கிறது என்றால் ஓரத்தைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோகலாம். இறுக்கத்துக்கு என் அளவுகோல்: சுண்டுவிரல் முட்டாமல் உள்ளே நுழைய வேண்டும், தலையை ‘இல்லை இல்லை’ என்று நான்கைந்து முறை வேகமாக ஆட்டினால் தொப்பி அசையக் கூடாது. இரண்டும் ஒருசேர வரும் புள்ளி ஒன்று உண்டு. இரண்டு மூன்று இரவில் கைக்குப் பழகிவிடும். காலையில் தலைவலியோடு எழுந்தாலோ கோடு விழுந்தாலோ அன்று இரவே அரை சென்டிமீட்டர் தளர்த்துங்கள்.

கழற்றுவதிலும் ஒரு முறை இருக்கிறது. அவசரத்தில் உச்சியைப் பிடித்து உருவினால் ராத்திரி காத்த முடியைக் காலையில் கலைத்த கணக்கு. நாடாவைத் தளர்த்தி, நெற்றியிலிருந்து தூக்கிப் பின்னால் மடித்து எடுங்கள்.

உள்ளே சில முடிகள் கிடக்கும். பயப்பட வேண்டாம். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு. முன்பு அவை தலையணையிலும் தரையிலும் சிதறின. இப்போது ஒரே இடத்தில் சேர்கின்றன.

பகல் வேலைகளில்

வீட்டைத் துடைக்கும்போதும் தூசி தட்டும்போதும் பயணத்தில் இருக்கையில் தலை சாயும்போதும் இதே தொப்பி உதவும். உடற்பயிற்சிக்கு வேறு மாதிரி வேண்டும். குதிக்கும்போது பெரிய வட்டத் தொப்பி காற்றடைத்த பலூனாக ஆடும். தலையோடு ஒட்டிய சிறிய தொப்பியை எடுத்துக்கொண்டு, நாடாவை இரவைவிடச் சற்று இறுக்குங்கள். வியர்வையை உறிஞ்ச நெற்றியில், தொப்பியின் ஓரத்துக்குக் கீழே, மெல்லிய பருத்திப் பட்டி ஒன்று. பயிற்சி முடிந்ததும் கழற்றி வேருக்குக் காற்றுப் படவிடுங்கள். வியர்வை காய்ந்து உப்பு படிந்த தொப்பியை அன்றிரவே மறுபடி மாட்டிக்கொள்வது வேண்டாம்.

சில இடங்களில் கண்டிப்பு தேவை. அடுப்பு எரியும் இடத்தில் பாலியெஸ்டர் சாட்டின் கூடாது. தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். தலைக்கவசத்துக்குக் கீழே குமிழோ முடிச்சோ கனமான மடிப்போ இருக்கக் கூடாது. கவசம் தலையில் உட்காரும் விதமே மாறிவிடும், விழுந்தால் அந்த முடிச்சே மண்டையில் குத்தும். குளியலில் சாட்டின் தண்ணீரைத் தடுக்காது, மேலே நீர்புகாத உறை போட வேண்டும். கைக்குழந்தைகளைத் தொப்பியோடு தூங்கவைக்கக் கூடாது. உடல்சூடு வெளியேறாது, துணி நழுவி மூக்கை மூடலாம். சிறுவர்களுக்கும் தொங்கும் நாடா உள்ளதைத் தவிர்த்து, பொத்தான் வகையைக் கொடுங்கள்.

நீங்களே தைக்க

தையல் இயந்திரத்தில் நேர்த்தையல் போடத் தெரிந்தால் ஒரு மதியப் பொழுது போதும். சாட்டின் துணியில் 58 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டங்கள் இரண்டு வெட்டுங்கள். துணி கைக்கு நிற்காமல் வழுக்கும். அடியில் செய்தித்தாளை வைத்து இரண்டையும் சேர்த்தே வெட்டினால் கோணாது. ஊசி மெல்லியதாக, 9 அல்லது 11 எண் உள்ளதாக, புதியதாக இருக்கட்டும். மழுங்கிய ஊசி சாட்டினில் இழை இழுத்துக் கோடு போடும்.

நாடா வெளியே வருவதற்கான காஜாக்களை முதலில் போட்டுவிடுங்கள், கடைசியில் போட இடம் கிடைக்காது. ஒரு வட்டத்தில் மட்டும், வெட்டிய ஓரத்திலிருந்து 3.75 சென்டிமீட்டர் உள்ளே நடுப்புள்ளி வரும்படி, 1 சென்டிமீட்டர் உயரமுள்ள இரண்டு காஜாக்கள். இரண்டுக்கும் இடைவெளி 2.5 சென்டிமீட்டர். பின்னால் ஒரு சிறு துண்டுத் துணி வைத்துத் தைத்தால் பிய்யாது.

இரண்டு வட்டங்களின் பளபளப்பான பக்கங்களை ஒன்றோடொன்று பார்க்கவைத்து, ஓரத்திலிருந்து 1 சென்டிமீட்டர் விட்டுச் சுற்றிலும் தையுங்கள். திருப்புவதற்கு 8 சென்டிமீட்டர் திறப்பு விடுங்கள். திருப்பி, திறப்பை உள்மடித்து, மேலே ஒரு துணி போட்டுக் குறைந்த சூட்டில் தேய்த்து, விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் ஒரு தையல். இப்போது உள்ளும் புறமும் பளபளப்பு. விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டரில் ஒரு வட்டத் தையல், 3.5 சென்டிமீட்டரில் இன்னொன்று, நடுவில் 1.5 சென்டிமீட்டர் குழாய் உருவாகி, காஜாக்கள் அதற்குள் சரியாக வந்து நிற்கும்.

முழுக்க நாடா மட்டும் கோத்தால் தொப்பிக்கு நெகிழ்வு இருக்காது. புரளும்போது தலையோடு சேர்ந்து கொடுக்காது. அதனால் 1 சென்டிமீட்டர் அகல எலாஸ்டிக்கில் 30 சென்டிமீட்டர் வெட்டி, அதன் இரு முனையிலும் 45 சென்டிமீட்டர் சாட்டின் நாடாவைத் தைத்து இணையுங்கள். ஊக்கு மாட்டி ஒரு காஜா வழியே நுழைத்துச் சுற்றிக் கொண்டுவந்து அடுத்த காஜா வழியே எடுங்கள். எலாஸ்டிக்கின் நடுப்பகுதி காஜாக்களுக்கு நேர் எதிரே, பிடரியில் வர வேண்டும். அந்த இடத்தில் குறுக்கே நான்கு தையல் போட்டுவிட்டால் அது நகராது. பிடரிப் பக்கம் நெகிழ்வு, நெற்றிப் பக்கம் உங்கள் விருப்பப்படி இறுக்கம். நாடா முனைகளில் முடிச்சுப் போடுங்கள், இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே உள்ளே போய்விடும். இடுப்புவரை கூந்தல் உள்ளவர்கள் வட்டத்தை 68 சென்டிமீட்டராக வெட்டிக்கொள்ளலாம்; மற்ற அளவுகள் மாறா.

துவைப்பது

வாரம் ஒருமுறை. எண்ணெய் ஊறிய ஓரம் நெற்றியில் பருக்களைக் கொண்டுவரும். நாடாவைத் தளர்த்தி, வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பு நீர் கலந்து, கையால் அலசிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஒற்றி, நிழலில் காயப்போடுங்கள். பட்டுக்கு வெளுப்பான் ஆகவே ஆகாது, வெயிலும் மஞ்சளாக்கும். இரண்டு தொப்பிகள் வைத்துக்கொண்டால் துவைக்கும் நாளிலும் தடங்கல் இல்லை.

இறுக்கமான பழைய தொப்பியைத் திருத்துவது

வீட்டில் கிடக்கும் எலாஸ்டிக் தொப்பியைத் தூக்கியெறிய வேண்டாம். ஓரக் குழாயின் உள்பக்கத் தையலை 2 சென்டிமீட்டர் மட்டும் பிரித்து, எலாஸ்டிக்கை வெட்டுங்கள். முழுக்க உருவும்முன் அதன் ஒரு முனையில் புதிய நாடாவை ஊக்கால் கோத்துவிட்டால், பழையது வெளியே வரும்போதே புதியதை இழுத்துக்கொண்டு வரும். பிரித்த இடத்தின் இரு ஓரங்களையும் கையால் தைத்து உறுதிப்படுத்துங்கள். அதுவே நாடா வரும் வாய். கால் மணி நேர வேலை. நெற்றியில் கோடு போட்ட என் இரண்டாவது தொப்பியை இப்படித்தான் திருத்தினேன். உருவிய எலாஸ்டிக்கை இழுக்காமல் தரையில் வைத்து அளந்தேன்: 46 சென்டிமீட்டர். என் தலை 57.